பின்சக்கரத்து மட்கார்டு

சைக்கிளுக்குப் பின்சக்கர மட்கார்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். பார்க்க வேண்டியது நீளம். மட்கார்டின் கீழ் நுனி, சக்கரத்தின் அச்சு இருக்கும் உயரத்துக்காவது இறங்கியிருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிடுகிற குட்டை மட்கார்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மழைத் தண்ணீரையும் சேற்றையும் நேராக ஓட்டுகிறவரின் முதுகில் கொண்டுபோய் அடிக்கும். அகலம், டயரைவிட இரண்டு பக்கமும் அரை விரலாவது கூடுதலாக இருக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட வேண்டும். அதைவிடக் குறைந்தால் எங்கள் ஏரிச் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது.

நடந்ததை முதலிலிருந்து என் கையாலேயே எழுதச் சொல்லிப் பேப்பர் கொடுத்தீர்கள், மேடம். எனக்கு முதல் என்றால் இந்த மட்கார்டுதான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். படிக்கக் கஷ்டம் இருக்காது.

என் பெயர் எல்லம்மா. வயது முப்பத்தெட்டு. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பெயர் துளசிங்கம். ஃபைபர் போட் வைத்துக் கடலுக்குப் போனவர். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். தங்கை சுபஸ்ரீ என்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. எனக்குக் கல்யாணம் ஆனது. கட்டியவர் மங்களூர் போட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நான் நைனா வீட்டுக்கே திரும்பி வந்தேன். மீன் காய வைக்கிற வேலைக்குப் போனேன். சுபாவைப் படிக்கவைத்தேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, முதல் செருப்பு வாங்கிக் கொடுத்தது, சைக்கிள் கற்றுக்கொடுத்தது எல்லாம் நான்தான்.

சுபா டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுக் காட்டூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் சேர்ந்தாள். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வகுப்பு. எங்கள் குப்பத்திலிருந்து மணல் ரோட்டில் போய், பாலம் ஏறி இறங்கி, பழவேற்காடு பஜாரைத் தாண்டிக் காட்டூர் போக வேண்டும். பஸ் நேரம் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் தினமும் சைக்கிள்தான். காலை ஏழரைக்குக் கிளம்புவாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் ஒரு மழை பிடித்தது. சுபாவின் சைக்கிளில் கடைக்காரன் மாட்டித் தந்த குட்டை பிளாஸ்டிக் மட்கார்டு இருந்தது. அன்றைக்கு அவள் வெள்ளைச் சுடிதாரில் கழுத்திலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஒரு கோடு. ஒரு பையன் எழுந்து நின்று, "மிஸ், உங்க முதுகுல ரோடு போட்டுக்கீது" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். இதைச் சுபா சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். ஆனால் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, இப்படியா பள்ளிக்கூடத்துக்கு வருவது என்று கேட்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நான் அந்தச் சுடிதாரை மூன்று தண்ணீரில் அலசினேன். ஏரிச் சேறு போகாது.

அடுத்த நாளே பஜாரில் வேலு கடைக்குப் போனேன். வேலு நல்ல மெக்கானிக். என் வயதுதான் இருக்கும். ஸ்டீல் மட்கார்டு ஒன்று, பெயின்ட் அடித்த இரும்புத் தகடு ஒன்று, நீளமான கெட்டிப் பிளாஸ்டிக் ஒன்று என்று எடுத்துப் போட்டான். நான் இரும்பைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

"அத்த வுடு எல்லம்மா. உப்புக் காத்துக்கு ஆறு மாசம் தாங்காது. ஓட்டை வுழுந்து பேஜாராப் பூடும்" என்றான்.

"ஸ்டீலு?"

"ஸ்டீலு ஷோக்கா இருக்கும். ஆனா நீளம் பத்தாது. இந்தப் பிளாஸ்டிக்க எடுத்துனு போ. ரெண்டு பக்கமும் டபுள் கம்பி, கீழ ரப்பர் ஃப்ளாப்பு. முதுகுல ஒரு சொட்டு வுழாது."

நான் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். நீளம் சரியாக இருந்தது. விரல் விட்டு இடைவெளியும் பார்த்தேன். அவன் மாட்டுகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சீட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டு, அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பிகளுக்கும் நட்டு. மாட்டி முடித்துவிட்டு வேலு ஒன்று சொன்னான்.

"இது நீள மட்கார்டு, ஞாபகம் வச்சுக்க. நட்டு எப்பவும் டைட்டா இருக்கணும். லூஸாச்சுன்னா டயர் இத்த உள்ள இழுத்துச் சுருட்டிக்கும். சக்கரம் அப்படியே லாக் ஆயி ஆளத் தூக்கிப் போட்டுரும். வாரத்துக்கு ஒருக்கா பாத்துரு."

பார்த்தேன், மேடம். ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளைத் துடைத்து, நட்டுகளுக்கு எண்ணெய் போட்டு முறுக்கிவைப்பேன். சுபா அந்தப் பக்கமே வரமாட்டாள். "அக்கா இருக்கச்சொல்ல எனக்கு இன்னா கவலை" என்பாள். அதற்குப் பிறகு அவள் முதுகில் சேறு பட்டதே இல்லை.

இனி நைனாவைப் பற்றி எழுத வேண்டும். அவர் இல்லாமல் இது புரியாது.

நைனாவுக்கு அதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்தது. கரையில் போட்டைத் தள்ளும்போது அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆனால் சாப்பாடு குறையவில்லை. எண்பத்திரண்டு கிலோ இருந்தார். காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி, ஓட்டை போட்ட நாற்காலியில் உட்காரவைத்து, கழுவி, துடைத்து, திரும்பப் படுக்கவைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அக்குளில் கை கொடுக்க வேண்டும், ஒருவர் முழங்காலுக்குக் கீழே. சுபா முழங்கால் பக்கம் நிற்பாள். பஸ் கண்டக்டர் மாதிரி "ரைட், ரைட், போலாம்" என்பாள். நைனா ஒரு பக்க உதட்டால் சிரிப்பார். தினமும் அதே சொல், தினமும் சிரிப்பார். அதை முடித்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்குக் கிளம்புவாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளியில் விழா என்று சுபா விடியற்காலையிலேயே போய்விட்டாள். தூக்காமல் வைத்திரு, சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் நைனா படுக்கையை நனைத்துவிட்டார். நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன். பாதி தூக்கினேன். பிறகு என் இடுப்பு விட்டுவிட்டது. அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு இழுத்தும் அசைக்க முடியவில்லை. அப்போது காலை எட்டு மணி.

சாயங்காலம் ஐந்து மணி வரை அப்படியே இருந்தோம். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஈ ஓட்டினேன். கஞ்சி ஊட்டினேன். அவர் இடுப்பில் துணி இல்லை, ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நைனாவின் கண், யாரையும் கூப்பிடாதே என்று சொன்னதாக எனக்குத் தோன்றியது. அவருக்குப் பேச்சு இல்லை, நான்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நானும் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அழுவதை நிறுத்திவிட்டேன், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சுபா வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "இன்னாக்கா இது? யாரையாவது கூப்பிடக் கூடாதா? காலையிலேர்ந்து இப்படியேவா கீறாரு?"

ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பூபதி அண்ணனைக் கூட்டிவந்தாள். இரண்டு நிமிஷத்தில் தூக்கிப் படுக்கவைத்துவிட்டார்கள். நைனா பூபதி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நன்றி சொல்கிறார் என்று சுபா சொன்னாள். வெட்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

நவம்பர் மாதத்தில் சுபாவுக்குத் தாம்பரம் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் வேலை கிடைத்தது. விடுதியிலேயே தங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம். டிசம்பர் ஒன்றாம் தேதி வந்து சேரவில்லையென்றால் அடுத்த ஆளை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை நைனாவின் தலைமாட்டில் ஒட்டிவைத்தாள்.

"நைனாவை யாரு தூக்குறது?" என்று கேட்டேன்.

"பஜார்ல மரியம்மா கீறாங்க இல்ல, ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தவங்க. அவங்ககிட்ட பேசிட்டேன். காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா வருவாங்க. சம்பளம் நான் அனுப்பிடுறேன்."

"வெளி ஆளு தொட்டா நைனா ஒத்துக்க மாட்டாரு."

சுபா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நைனாவா, நீயா?" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீயும் கொஞ்சம் வெளிய வாக்கா. இந்த ரூமுக்குள்ளயே கெடந்தா நீ இன்னாத்துக்கு ஆவ" என்றாள். அவள் என் நல்லதுக்குச் சொன்னாள் என்று தெரியும். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போன பிறகு இந்த வீட்டில் காலை ஏழரை மணி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நைனா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நைனாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ரைட், ரைட்" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது இரண்டு வாரம்தான், மேடம். ஒரு கணுக்கால் பிசகினால் போதும். ஒன்றாம் தேதி தாண்டிவிடும், வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், அவள் காட்டூர் பள்ளிக்கே போய்க்கொண்டிருப்பாள். அவளிடம் சண்டை போட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. அழுது நிறுத்தவும் தெரியவில்லை. வேறு வழி என்ன இருந்தது என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தோன்றுவதில்லை.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம், சுபா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் சைக்கிளைத் துடைத்தேன். துடைத்து முடித்துவிட்டு, மட்கார்டுக் கம்பியின் இடப்பக்க நட்டைக் கழற்றி மணலில் எறிந்தேன். வலப்பக்க நட்டை விரலால் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்தினேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற போல்ட்டை நாலு திருப்பு திருப்பிவிட்டேன். குப்பத்து ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், ஆட்டத்தில் அங்கேயே கழன்றுவிடும், இரண்டு பக்கமும் மணல், விழுந்தால் மணலில் விழுவாள் என்று கணக்குப் போட்டேன். சுபா ஈரத் தலையோடு வெளியே வந்து, "வண்டி பளபளன்னு கீதுக்கா" என்றாள்.

திங்கட்கிழமை போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமையும் வந்துவிட்டாள். செவ்வாய் சாயங்காலம் துடைக்கிற சாக்கில் உட்கார்ந்து பார்த்தேன். மேல் போல்ட்டு பாதிக்கு மேல் உள்ளேதான் இருந்தது. நல்ல மட்கார்டு, மாட்டியவனும் நல்லவன். அதை இன்னும் இரண்டு திருப்பு திருப்பினேன். உங்களிடம் வாயால் சொன்னபோது இந்தச் செவ்வாய்க்கிழமையை நான் விட்டுவிட்டேன். எழுதும்போது விடக் கூடாது.

புதன்கிழமை, விடியும்வரை மழை. காலையில் விட்டிருந்தது. நைனாவைத் தூக்கி உட்காரவைத்தோம், சுபா "ரைட், ரைட்" சொன்னாள், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எட்டு மணி இருக்கும். பூபதி அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "எல்லம்மா, பாலத்துக்கு வா" என்றார்.

குப்பத்து ரோட்டில் ஒன்றும் கழலவில்லை. பாலம் ஏறுகிறவரைக்கும் நின்றிருக்கிறது. பஜார் பக்கம் இறங்குகிற இறக்கத்தில், வேகத்தில் கழன்று, சக்கரத்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. சுபா ரோட்டின் நடுவே விழுந்தாள். பின்னால் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு மினி வேன் வந்தது. ஓட்டியவர் பெயர் ஸ்டீபன். பிரேக் போட்டார். ஈர ரோட்டில் வண்டி நிற்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் போனபோது அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நாள் சென்னையில் ஆஸ்பத்திரி. முதுகெலும்பு நடுவில் நசுங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொன்னார். சுபா அவரிடம், "அப்போ ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ண முடியாதா சார்?" என்று கேட்டாள். மயக்க மருந்தின் குழப்பத்தில் கேட்டாள். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நைனாவை மரியம்மாதான் பார்த்துக்கொண்டார். பூபதி அண்ணன் தூக்க வந்திருக்கிறார். திரும்பிவந்து பார்த்தபோது நைனா சவரம் செய்து, சுத்தமாக, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மரியம்மா ஏதோ பாட்டைப் பாடிக்கொண்டு ஊட்டினார். நைனா வாங்கிக்கொண்டார். முதல் நாளே ஒத்துப்போய்விட்டது என்று மரியம்மா சொன்னார். "உங்க நைனா கொழந்தை மாரிம்மா. ஒரு பேஜாரும் இல்ல." அதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றேன்.

அதற்குள் வேலுவின் கடை போய்விட்டது. சுருண்ட மட்கார்டை எல்லோரும் பார்த்தார்கள். மாட்டியவன் சரியாக மாட்டவில்லை என்று யாரோ சொன்னார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். எங்கள் குப்பத்து ஆட்கள் போய்க் கடையை அடித்து உடைத்து, அவன் சாமான்களை ஏரியில் எறிந்தார்கள். வேலு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தான். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தான்.

"நீ பக்கத்துல உக்காந்து பாத்தியே எல்லம்மா. நான் டைட்டாத்தான போட்டேன்? அவங்ககிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு ஞாபகம் இல்ல வேலு" என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. அப்படியே நின்றுவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதத்தில் குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்காக நான் வருத்தப்பட்டேன். எழுந்து போய்ச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

நைனா மாசி மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். பிறகு வீட்டில் நானும் சுபாவும் மட்டும். அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைப்பேன். உடம்பு இளைத்துவிட்டாள், நாற்பத்தொரு கிலோதான் இருப்பாள். அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டாம். நான் ஒருத்தியே போதும். மரியம்மாவை நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. ஒளித்து என்ன ஆகப்போகிறது, அந்த ஒரு வருஷம் எனக்குச் சோறு இறங்கியது. நன்றாகத் தூங்கினேன். காலை ஏழரை மணி எனக்குப் பயமாக இல்லை.

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். சுபாவே ஃபோனில் பேசி, விண்ணப்பம் போட்டு வரவழைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்தார்கள். பஜாரில் ஒரு டியூஷன் சென்டரில் தனக்கு வேலையும் பேசி முடித்திருந்தாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவள் கை பழகிவிட்டது, குப்பத்து ரோட்டில் இரண்டு நாள் ஓட்டிப் பழகினாள். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். முகமெல்லாம் வேர்த்து, சிரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, இதுக்குப் பின்னாடி மட்கார்டே இல்ல பாரு. சேறு பூரா மேல அடிக்குது. நல்லதா ஒண்ணு நீயே பாத்துப் போட்டுரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நல்லா டைட் பண்ணிப் போடு" என்றாள்.

சரி என்றேன். நேற்று மத்தியானம் அவள் தூங்கும்போது வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மட்கார்டு அளவு எடுக்கத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஸ்பேனர் என் கையில் இருந்தது. பின்சக்கர அச்சின் நட்டில் அதை மாட்டியிருந்தேன். எப்போது எடுத்து வந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை வீட்டில் தூக்கவேண்டிய நைனாகூட இல்லை. கையை எடுக்கப் பார்த்தேன், கை அங்கேயே இருந்தது. அப்புறம் எப்படியோ எடுத்துவிட்டு, ஸ்பேனரைப் பூபதி அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு, மரியம்மாவை வந்து சுபாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். என்னை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது அதனால்தான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை எழுதாமல் கையெழுத்துப் போட்டால் முழுசாகச் சொன்னதாக ஆகாது.

அந்தப் புதன்கிழமை காலை சுபா இரண்டு தடவை கிளம்பினாள். முதல் தடவை குப்பத்து ரோட்டின் கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். சீட்டிலிருந்து இறங்காமல், வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, பின்னாடி இன்னாமோ கடகடங்குது. கொஞ்சம் பாரேன்."

நான் வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். மேல் போல்ட்டு நுனியில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், விரலாலேயே திருகியிருக்கலாம். அவள் செருப்புக் கால் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மணல் ரோட்டை ஒரு தடவை போய் வந்தும் விழவில்லை, இனி பாலத்தில்தான் கழலும் என்று எனக்குத் தெரிந்தது. பாலத்து இறக்கம் ஈரமாக இருக்கும் என்று தெரியும். அது ஐஸ் வண்டிகள் வருகிற நேரம் என்றும் தெரியும். எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்ல, டைட்டாத்தான் கீது. போய்ட்டு வா" என்றேன்.

"நீ பாத்தா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து சுபாவை விசாரித்தார். வண்டியில் முன்னாடியே ஏதாவது சத்தம் கேட்டதா, யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுபா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவரிடம், "இல்ல சார், எதுவும் கேக்கல, யாருகிட்டயும் காட்டல" என்றாள். அடிபட்ட அதிர்ச்சியில் அந்தக் காலை அவளுக்கு மறந்துபோயிருக்கிறது, மேடம். இன்று வரை ஒரு தடவைகூட அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதில்லை. மறந்துதான் போயிருக்க வேண்டும்.